விழுப்புரத்தில் வண்டி மாறிய கணித மேதை



ஆண்டு மலருக்கு மறைந்த அறிஞர் ஒருவருடைய வாழ்க்கையை எழுதித் தர வேண்டும் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது கணித மேதை சீனிவாச ராமானுஜன். இவரைத்தான் எல்லோருக்கும் தெரியுமே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 1729 என்ற எண், கேம்பிரிட்ஜ், நாமகிரித் தாயார், இந்த மூன்றும் எல்லோருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது அந்த ராமானுஜனைப் பற்றி இல்லை. கல்லூரியில் சேர்ந்த வேகத்தில் ஸ்காலர்ஷிப்பைக் கோட்டை விட்டு, கல்லூரி மாறி, இரண்டு முறை பரீட்சை எழுதி, இரண்டு முறையும் தவறி, கையில் ஒரு நோட்டோடு ஊர் ஊராக அலைந்த இருபது வயதுப் பையனைப் பற்றி.

ரிசல்ட் வரும் நாளில் நம் ஹாஸ்டல் வராந்தாவில் இவர் பெயர் கட்டாயம் அடிபடும். எம்-1 போச்சு, பிசிக்ஸ் போச்சு, ஆனால் ராமானுஜனே பெயில்தானே மச்சி என்று ஒருத்தன் ஆரம்பிப்பான். எங்கள் திருவக்கரைப் பக்கத்துப் பையன்கள் இன்னும் ஒரு படி மேலே. எங்கள் ஊர்க் கல்மரப் பூங்காவைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ இரண்டு கோடி வருடத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அரியர் விழுந்து செமஸ்டருக்கு செமஸ்டர் அதே தாளை எழுதுகிறவனுக்கு எங்கள் பஸ்ஸில் கல்மரம் என்றே பட்டப்பெயர். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கல்மரங்களில் இரண்டு பேர் இப்போது பஸ் ஏறுவதில்லை. ஜல்லி கிரஷரில் லாரி லோடு எண்ணிக் கணக்கு எழுதுகிறார்கள். இரண்டு பேருமே கணக்கில் மோசம் கிடையாது. தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்கள். கேள்வித்தாளின் இங்கிலீஷ்தான் அவர்களைக் கவிழ்த்தது. ராமானுஜன் விழுந்ததும் முதலில் அதே இடத்தில்தான். அதனால்தான் இந்தக் கட்டுரை.

அவர் பிறந்தது 1887 டிசம்பர் 22, ஈரோட்டில். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில். அப்பா சீனிவாச ஐயங்கார் ஜவுளிக் கடையில் குமாஸ்தா. மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். வெளியூர்ப் பையன்களுக்கு வீட்டில் சாப்பாடு போட்டும் கொஞ்சம் காசு வரும். பள்ளிக்கூடத்தில் பையன் சூரப்புலி. 1897-இல் ஆரம்பப் பள்ளித் தேர்வில் ஜில்லாவிலேயே முதல். டவுன் ஹைஸ்கூலை 1904-இல் முடித்தபோது கணக்குக்காக ரங்கநாத ராவ் பரிசு.

இதற்கிடையில் 1903 வாக்கில் ஒரு புத்தகம் கைக்கு வந்தது. இங்கிலாந்தில் பரீட்சைக்குப் பையன்களைத் தயார் செய்த ஜி.எஸ்.கார் என்கிற டியூஷன் வாத்தியார் தொகுத்தது. ஐயாயிரம் போலச் சூத்திரங்கள் வரிசையாக இருக்கும். நிரூபணம் பெரும்பாலும் இருக்காது. சுருக்கமாகச் சொன்னால் ஒரு கைடு! கைடு படித்தால் உருப்பட மாட்டாய் என்று நம்மைத் திட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கவும். ஆனால் அவர் படித்த விதம் வேறு. ஒவ்வொரு சூத்திரமும் எப்படி வந்தது என்று ஸ்லேட்டில் தானே போட்டுப் பார்ப்பார். ஒன்றைப் போட்டு முடிப்பதற்குள் கார் எழுதாத நாலு சூத்திரம் கிளம்பும். அந்த நாலும் சேர்ந்து ஆளை விழுங்கிவிட்டன.

1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பெயர் வாங்கிய கல்லூரி அது. ஸ்காலர்ஷிப்போடுதான் இடம் கிடைத்தது. கணக்கோடு இங்கிலீஷ், சம்ஸ்கிருதம், உடலியல், கிரேக்க ரோமானிய சரித்திரம் எல்லாம் படிக்க வேண்டும். ரோமானிய சரித்திரம் நடக்கும்போது இவர் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். கடைசியில் இங்கிலீஷ் கட்டுரைத் தாள் காலை வாரிவிட்டது. ஸ்காலர்ஷிப் போச்சு. தாயார் நேரே பிரின்சிபாலைப் போய்ப் பார்த்து வாதாடினார். விதி விதிதான் என்று ஆகிவிட்டது.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். டெர்ம் ஃபீஸ் 32 ரூபாய். அப்பாவின் சம்பளம் 20 ரூபாய். ஒன்றரை மாதச் சம்பளத்தை அப்படியே எடுத்து வைத்தாலும் கொஞ்சம் குறையும். ராமானுஜன் வீழ்ந்ததற்கு அலட்சியம், மேதைக் கிறுக்கு என்று ஏதேதோ காரணம் சொல்வார்கள். எனக்கென்னவோ இந்த 32 ரூபாயும் அதே அளவுக்குப் பெரிய காரணம் என்றே படுகிறது. வசதியான வீட்டுப் பையனாக இருந்தால் இங்கிலீஷ் போனாலும் படிப்பு நின்றிருக்காது.

சில மாதம் சமாளித்துப் பார்த்தார். முடியவில்லை. 1905 ஆகஸ்டில் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ரயில் ஏறி விசாகப்பட்டினம் போய்விட்டார். பதினேழு வயது. பிள்ளையைக் காணோம் என்று பத்திரிகையில் அறிவிப்புக் கொடுக்கும் நிலை வீட்டாருக்கு. பிறகு திரும்பி வந்து சேர்ந்தார்.

1906-இல் இரண்டாவது முயற்சி. சென்னைப் பச்சையப்பன் கல்லூரி. அப்போது அது ஜார்ஜ் டவுனில் இருந்தது. கணிதப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியாருக்கு இந்தப் பையனைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. கணிதப் பத்திரிகைகளில் வரும் கடினமான கணக்குகளை இரண்டு பேரும் உட்கார்ந்து போடுவார்களாம். ஆனால் உடலியல் வகுப்பு என்றால் இவருக்கு வேப்பங்காய். ஜீரண உறுப்புகளைப் பற்றிய பாடம் தனக்கு ஜீரணமாகவில்லை என்று விடைத்தாளிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தார் என்று ஒரு கதை உண்டு. நடுவில் சீதபேதி வந்து ஊருக்குப் போய்ப் படுத்துவிட்டார். 1906 டிசம்பரில் எஃப்.ஏ. எழுதினார், தவறினார். 1907 டிசம்பரில் தனித்தேர்வராக மறுபடி எழுதினார், மறுபடியும் தவறினார். இங்கிலீஷிலும் உடலியலிலும் வராத மார்க்கை, கணக்கில் அள்ளிய மார்க் ஈடுகட்டாது. அதோடு அவருடைய கல்லூரிப் படிப்பு முடிந்தது. ஆமாம், எஃப்.ஏ. பரீட்சையில் ராமானுஜன் கடைசி வரை பாஸ் ஆகவே இல்லை. வராந்தாவில் அவர் பெயரைச் சொல்லித் தேற்றிக்கொள்கிற நண்பர்கள் இதையும் தெரிந்துகொள்வது நல்லது. விட்டதைத் திரும்ப எழுதி ஜெயித்தவர் இல்லை அவர். அவர் மேலே வந்த வழி வேறு. அது ஐந்து வருடம் நீண்ட வழி.

1908, 1909 இரண்டு வருடமும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஸ்லேட்டில் கணக்குப் போட்டார். துணி தேடி எடுக்கப் பொறுமை இல்லாமல் முழங்கையாலேயே அழிப்பாராம். பேப்பர் வாங்கக் காசு ஏது? ஸ்லேட்டில் போட்டு, கடைசி விடையை மட்டும் நோட்டில் ஏற்றுவார். அவருடைய நோட்டுகளில் நிரூபணம் ஏன் இல்லை என்று பிற்காலத்தில் பெரிய பெரிய ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்களே, ஒரு காரணம் இந்தப் பேப்பர் விலைதான். இன்னொரு காரணம் அந்தக் கார் புத்தகம். அதுவும் விடையை மட்டும்தானே சொன்னது.

பிழைப்புக்கு டியூஷன் எடுத்துப் பார்த்தார். பி.ஏ. மாணவர் ஒருவருக்குக் கால்குலஸ் சொல்லித் தரப் போய், சிலபஸை விட்டுவிட்டு முடிவிலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் அந்த டியூஷன் இரண்டு வாரத்தில் நின்றுபோனது. பாவம், மாணவர் மேலும் தப்பில்லை. அவருக்குப் பரீட்சை இருந்தது.

1909 ஜூலை 14-இல் கல்யாணம். மணப்பெண் ஜானகிக்குப் பத்து வயது. அந்தக் காலத்து வழக்கம் அது. 1910 ஜனவரியில் ஒரு ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. கட்டணத்துக்கு வீட்டில் காசு இல்லை. டாக்டர் ஒருவர் இலவசமாகச் செய்து கொடுத்தார். அந்த நாட்களில் ஒரு முறை உடம்பு மோசமாகி, நண்பர் ஒருவர் அவரை ரயில் ஏற்றி ஊருக்கு அனுப்பி வைத்தார். அப்போது தன் நோட்டுகளை நண்பரிடம் கொடுத்து, தான் செத்துப்போனால் சிங்காரவேலு முதலியாரிடமோ கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் ராஸிடமோ சேர்த்துவிடும்படி கேட்டுக்கொண்டார். சொத்து என்று அவரிடம் இருந்தது அந்த நோட்டுகள் மட்டும்தான்.

அடுத்ததாக வருவதுதான் நம் ஜில்லாவில் நடந்த கதை. 1910-ஆம் வருடக் கடைசி. கும்பகோணத்தில் சென்னை வண்டி ஏறிய ராமானுஜன், சென்னை வரை போகாமல் விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கினார். காட்பாடி லைனில் வண்டி மாறி மேற்கே சுமார் இருபது மைல் போய்த் திருக்கோவிலூரில் இறங்கினார். அன்றைக்கு எல்லாமே தென்னாற்காடு ஜில்லா. பிறகு விழுப்புரம் மாவட்டமாகி, 2019-இல் திருக்கோவிலூர் கள்ளக்குறிச்சி மாவட்டத்தோடு போய்விட்டது. விழுப்புரம் ஜங்ஷனில் எத்தனையோ தடவை நாம் டீ குடித்துக்கொண்டு வண்டிக்கு நின்றிருப்போம். எஃப்.ஏ. பெயில், கல்யாணம் ஆனவர், வேலை இல்லாதவர், கக்கத்தில் ஒரு நோட்டு, அப்படி ஒருவர் அதே ஸ்டேஷனில் அடுத்த வண்டிக்குக் காத்து நின்றதாக யாரும் நமக்குச் சொன்னதில்லை.

திருக்கோவிலூரில் அவர் தேடிப் போனது டெபுடி கலெக்டர் வி.ராமசாமி ஐயரை. இவர் ஒரு விசித்திரமான மனிதர். வேலை ரெவின்யூவில், உயிர் கணக்கில். மாணவராக இருந்தபோதே லண்டன் பத்திரிகைக்குக் கணக்கு எழுதி அனுப்ப, அங்கிருந்தவர்கள் இவரைப் பேராசிரியர் என்று நினைத்துக்கொண்டார்களாம். இந்தியக் கணிதக் கழகத்தை 1907-இல் தொடங்கியவர் இவர்தான். ராமானுஜன் அவரிடம் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். முனிசிபாலிட்டியிலோ தாலுகா ஆபீஸிலோ ஒரு குமாஸ்தா வேலை. ராமசாமி ஐயர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். வேலை கொடுக்கவில்லை! இப்படிப்பட்டவரை ரெவின்யூ ஆபீஸின் கடைசிப் படியில் உட்கார வைத்து அமுக்கிவிட அவருக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதில் சென்னையில் இருந்த பி.வி.சேஷு ஐயருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். சேஷு ஐயர் கும்பகோணத்தில் ராமானுஜனுக்குப் பாடம் நடத்தியவர், அப்போது பிரசிடென்சி கல்லூரியில் இருந்தார்.

வேலை கேட்டுப் போனவருக்குக் கடிதம்தான் கிடைத்தது என்றால் நமக்கு எரிச்சல் வரும். அவருக்கும் வந்திருக்கலாம். ஆனால் திருக்கோவிலூரில் அன்றைக்கு ஒரு குமாஸ்தா நாற்காலி கிடைத்திருந்தால் ராமானுஜன் நம் பக்கத்து ஊர்க்காரராகிப் பட்டா சிட்டா எழுதிக்கொண்டிருப்பார்.

சேஷு ஐயர் கொடுத்த கடிதத்தோடு நெல்லூர் கலெக்டர் ஆர்.ராமச்சந்திர ராவிடம் போனார். சவரம் செய்யாத முகம், அழுக்கு உடை, நைந்த நோட்டு, ஆனால் கண்ணில் ஒரு பளபளப்பு. கலெக்டர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது. முதலில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இது உண்மையான சரக்கா, டூப்பா என்ற சந்தேகம் வேறு. ராமானுஜன் சலிக்காமல் மறுபடி மறுபடி போய், எளிமையான கணக்கிலிருந்து ஆரம்பித்துப் படிப்படியாக மேலே கூட்டிக்கொண்டு போனார். ஆள் உண்மையானவர் என்று தெரிந்ததும், சென்னையில் இருந்துகொண்டு கணக்கைப் பார்க்கும்படி சொல்லி மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து அனுப்பினார். 1911-இல் இந்தியக் கணிதக் கழகப் பத்திரிகையில் பெர்னூலி எண்கள் பற்றிய முதல் ஆய்வுக் கட்டுரை வந்தது. ராமசாமி ஐயர் தொடங்கிய அதே கழகம்.

ஒருவர் தயவில் சாப்பிடுவது ராமானுஜனுக்குப் பிடிக்கவில்லை. 1912 மார்ச் 1-இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மேலதிகாரி நாராயண ஐயர் கணக்கு தெரிந்தவர். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஓர் என்ஜினீயர். கிண்டி என்று நாம் கனவு காண்கிறோமே, அந்த என்ஜினீயரிங் கல்லூரியின் பேராசிரியர் கிரிஃபித் லண்டனில் இருந்த தன் பழைய ஆசிரியர் ஹில்லுக்கு எழுதிக் கேட்டார். ஹில் முகத்தில் அடித்த மாதிரி ஒரு உண்மையைச் சொன்னார். பையனுக்குத் திறமை இருக்கிறது, அடிப்படைப் படிப்பு போதவில்லை என்பது அதன் சாரம். முடிவிலித் தொடர்கள் பற்றி பிராம்விச் எழுதிய பாடப்புத்தகத்தைப் படிக்கச் சொன்னார்.

1913 ஜனவரி 16-இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ஹார்டிக்கு ராமானுஜன் எழுதிய கடிதம் உலகப் பிரசித்தம். அதில் ஒரு விஷயத்தை யாரும் கவனிப்பதில்லை. தனக்குப் பல்கலைக்கழகப் படிப்பே கிடையாது, பள்ளிப் படிப்பு மட்டும்தான் என்று எழுதினார். இரண்டு கல்லூரிகளையும், தவறிய பரீட்சைகளையும் சொல்லவில்லை. அதை மறைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். கல்லூரியில் அவர் எதையும் கற்கவில்லை என்பது அவரளவில் நிஜம்தானே. கடிதத்தோடு போன சூத்திரங்களில் பகா எண்கள் பற்றியவை தவறாகவும் இருந்தன. ஹார்டி அதைக் கண்டுபிடித்தார், ஆனால் மீதியைப் பார்த்து அசந்துபோனார். அந்த ஹார்டியும் சாதாரண ஆள் இல்லை. கேம்பிரிட்ஜின் புகழ்பெற்ற டிரைபாஸ் பரீட்சையை வெறுத்து, அதை மாற்றப் போராடியவர். பரீட்சையில் தோற்றவரின் கடிதம், பரீட்சையைப் பிடிக்காதவர் கையில் போய் விழுந்தது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. இரண்டு முறை பெயில் போட்ட அதே மெட்ராஸ் பல்கலைக்கழகம், 1913 மே 1 முதல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. எம்.ஏ. முடித்தவருக்கு மட்டுமே தரலாம் என்பது விதி. எஃப்.ஏ.கூட முடிக்காதவருக்காக அந்த விதியைத் தளர்த்தினார்கள். கும்பகோணத்தில் 1905-இல் அசையாத விதி, எட்டு வருடத்தில் அசைந்து கொடுத்தது. 1914 மார்ச் 17-இல் கப்பல் ஏறினார். அங்கே ஹார்டியும் லிட்டில்வுட்டும் நிரூபணம் எழுதும் முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஹில் சொன்ன குறையை நிரப்பும் வேலை அதுதான். 1916 மார்ச்சில் ஆராய்ச்சி மூலம் பி.ஏ. பட்டம் வாங்கினார். பிற்காலத்தில் பிஎச்.டி. என்று ஆனது அந்த வகைப் பட்டம்தான். 1918-இல் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ, அதே வருடம் டிரினிட்டியின் ஃபெல்லோ. ராயல் சொசைட்டியில் இவருக்கு முன்னால் இடம் பெற்ற ஒரே இந்தியர் யார் தெரியுமா? 1841-இல் தேர்வான அர்தசீர் கர்செட்ஜி என்கிற பம்பாய்க் கப்பல் என்ஜினீயர். நம் மெக்கானிக்கல் பிரிவு நண்பர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்.

உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. 1917 முதல் ஆஸ்பத்திரி, சானடோரியம் என்றே போயிற்று. காசநோய் என்று நினைத்தார்கள். பழைய சீதபேதி ஈரலில் தங்கிச் செய்த வேலையாக இருக்கலாம் என்று பிற்காலத்தில் ஆராய்ந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் பச்சையப்பனில் படித்த நாட்களில் வந்த நோயே விடாமல் கூட வந்திருக்கிறது. 1919 மார்ச்சில் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-இல் சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. படுக்கையில் இருந்தபடி எழுதிய தாள்கள் டிரினிட்டி நூலகத்தில் கேட்பாரற்றுக் கிடந்து, 1976-இல் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கண்ணில் பட்டன. இன்னமும் அதிலிருந்து ஆராய்ச்சி நடக்கிறது.

ஒன்றைச் சொல்ல விட்டுப்போயிற்று. அவர் இங்கிலாந்தில் இருக்கும்போதே மெட்ராஸ் பல்கலைக்கழகம் வருடத்துக்கு 250 பவுன் என்று ஐந்து வருடத்துக்கு உதவித்தொகை அறிவித்தது. 1919 ஜனவரி 11-இல் அவர் பதிவாளருக்குப் பதில் எழுதினார். இவ்வளவு பணம் தனக்குத் தேவைப்படாது, பெற்றோருக்கு வருடம் 50 பவுனும் தன் செலவும் போக மீதியை ஏழைப் பையன்களுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிக்கூட ஃபீஸ் குறைக்கவும் புத்தகம் வாங்கித் தரவும் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருந்தார். அந்தத் தொகை தொடங்கியது 1919 ஏப்ரலில். அடுத்த ஏப்ரலில் அவர் இல்லை.